இருபத்தேழாவது கேள்வி

தியன் ரூமெய் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தாள். எங்கள் வட்டத்தின் முதலாம் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர்களுக்கு என்று ஒதுக்கியிருந்த அறை, வடக்குப் பார்த்தது. குளிர்காலத்தில் ஆளுக்கொரு மரப்பெட்டிக் கணப்பில் கால்களை விட்டுக்கொண்டு, முழங்கால்மேல் போர்வையைப் போட்டுக்கொண்டு தாள் திருத்துவோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவள் என்பதால் நான் அவளை அக்கா என்பேன். மாணவர்களுக்கு அவள் 'பத்தி தியன்'. இலக்கணத்துக்கு ஒருத்தர், கட்டுரைக்கு ஒருத்தர் என்று எங்களுக்குள் பெயர் இருந்தது. ஆங்கிலப் பத்தியைப் படித்துப் பதில் எழுதுவதற்கு அவள்தான்.

டிராக்டர் பழுது பார்க்கிறவரின் மகள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்து, அங்கிருந்து நேராக எங்கள் பள்ளிக்கு வந்தவள். ஆங்கிலம் பேசுகிற ஒரு வெளிநாட்டுக்காரரை நேரில் பார்த்தபோது அவளுக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. அந்த ஆள் வழி கேட்டிருக்கிறார், இவளுக்குப் புரியவில்லை. "எழுதிக் காட்டியிருந்தா நாலு விடையும் சேர்த்துச் சொல்லியிருப்பேன்" என்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவளுடைய வித்தை எளிமையானது. முதலில் பத்தியைப் படிக்காதே, கேள்வியைப் படி. கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு. சொல் கிடைத்த வரியில் விரலை வை. அந்த வரியோடு பொருந்துகிற விடையைக் குறி.

"உனக்கு என்ன தோணுதுன்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்று வகுப்பில் கேட்பாள்.

"இல்ல டீச்சர்!"

"உங்க அப்பா என்ன நினைக்கிறாருன்னு கேட்டாங்களா?"

"இல்ல டீச்சர்!"

"அப்போ விடை எங்க இருக்கு?"

"பத்தியில டீச்சர்!"

கூரை அதிரும். அடுத்த கட்டடத்தில் இருக்கும் எனக்குக் கேட்கும்.

எங்கள் பிள்ளைகள் யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஆனால் திமிங்கலம் ஏன் கரை ஒதுங்குகிறது என்று நான்கு விடைகளில் ஒன்றைச் சரியாகக் குறிப்பார்கள். எங்கோ அமெரிக்காவில் வீட்டு மாடியில் தேனீ வளர்த்த பெண், லண்டனில் குடை மறந்த கணக்காளர், கிழவர்களோடு சீட்டாடும் ரோபோ, இவர்களையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல அறிவார்கள். எங்கள் ஊரைப் பற்றி மட்டும் எந்தப் பத்தியும் வந்ததில்லை. வருவதற்கும் எங்கள் ஊரில் என்ன இருந்தது? ஜிப்சம் சுரங்கம் இருந்தது. அதன் வெள்ளைத் தூசு சாலையோர மரங்களிலும், காயப்போட்ட துணியிலும், மிளகாய்த் தட்டிலும் படிந்திருந்தது. ரூமெய்யின் கணவர் பெங் அந்தச் சுரங்கத்து லாரி ஓட்டுநர். வீட்டுக்கு வந்தால் புருவம் வெளுத்திருக்கும். "என் வீட்டுக்காரருக்கு மட்டும் தினமும் ஒரு நாள் வயசு கூடாம ஒரு வருஷம் கூடுது" என்பாள்.

அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சுரங்கத்தின் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. உள்ளே இருந்த இருவர் தாங்களாகவே மேலே ஏறி வந்துவிட்டார்கள். குவாங் என்ற ஒரு தொழிலாளி மட்டும் திரும்பவில்லை. மறுநாள் அவர் உடலை எடுத்தார்கள். அவருடைய மகள் குவாங் யென் எங்கள் பள்ளியில் கடைசி ஆண்டு, ரூமெய்யின் வகுப்பு.

சில நாட்களில் வட்டச் செய்தித்தாளில் அவர் படம் வந்தது. தண்ணீர் ஏறுவது தெரிந்தும், உடன் வேலை செய்பவர்களைக் காப்பாற்றத் தாமாகவே மறுபடி உள்ளே இறங்கினார் என்று எழுதியிருந்தது. அவருடைய மனைவி லியாவுக்குச் சுரங்கத்துச் சமையல்கூடத்தில் வேலை கொடுத்தார்கள். குடியிருப்பில் இருந்த வீட்டையும் அவர்களுக்கே விட்டுவிட்டார்கள். குவாங்குக்காகப் பள்ளியில் எல்லாரும் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். யென் முதல் வரிசையில் நின்றாள், கொடிக்கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வகுப்புக்குப் போய் உட்கார்ந்து வழக்கம்போலத் தாள்களைச் செய்யத் தொடங்கினாள். பத்திக் கேள்விகளில் அந்த வகுப்பிலேயே ஒரு விடையும் தவறாதவள் அவள்தான்.

குளிர்காலத்தில் எங்கள் வட்டத்தின் மூன்று பள்ளிகளுக்கும் சேர்த்துப் பொதுத் தேர்வு வைப்பார்கள். எங்கள் கடைசி ஆண்டுப் பொறுப்பாளர் ஓயாங், கையில் செய்தித்தாளோடு அறைக்குள் வந்தார். உடல் பருத்தவர், வேதியியல்காரர். ஆங்கிலத்தில் தம் பெயரைத் தவிர எதுவும் எழுதமாட்டார்.

"தியன் டீச்சர், கல்வி அலுவலகத்துல நம்ம ஊர்க் கதை ஒண்ணு வேணுங்கறாங்க. திமிங்கலமே போட்டுக்கிட்டு இருந்தா எப்படி? இதை வெச்சு ஒரு பத்தி எழுதுங்க. நல்ல மனசு, தியாகம், அப்படி."

ரூமெய் செய்தித்தாளைப் பார்த்தாள். "சார், அந்தப் பொண்ணு என் கிளாஸ்ல உட்கார்ந்திருக்கு."

"பேரை மாத்துங்க. ஊரை மாத்துங்க. வடக்குல ஒரு நிலக்கரிச் சுரங்கம்னு போடுங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சா பெருமைதானே படும்! நீங்க ஏன் எல்லாத்தையும் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே பாக்குறீங்க?"

இன்னும் இரண்டு முறை மறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் எழுதிக் கொடுத்தாள். குவாங், லின் ஆனார். ஜிப்சம், நிலக்கரி ஆனது. எங்கள் மழை, வடக்கின் பனி ஆனது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அவள் செய்தித்தாளிலிருந்து எடுக்கவில்லை. கணவர் பெங் பார்த்துவந்து சொன்னது. உடலை மேலே கொண்டுவந்தபோது, வேலைச் சட்டைக்குள்ளே குவாங் தம் மகளின் பழைய பள்ளிக்கூட மேற்சட்டையைப் போட்டிருந்தார், நீலமும் வெள்ளையும். மகளுக்குச் சிறிதாகிப்போனதை வீணாக்காமல் அப்பன் போட்டுக்கொள்வது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு நடப்பது. ஆகவே அது ஒருவரை மட்டும் காட்டிக்கொடுக்கும் அடையாளம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. அந்த முழுப் பத்தியில் உயிரோடு இருந்த வரி அது ஒன்றுதான். எழுதத் தெரிந்தவளுக்கு அதை விட மனம் வரவில்லை.

அதையே ஒரு கேள்வியாகவும் வைத்தாள். இருபத்தாறாவது கேள்வி: லின் வேலைச் சட்டைக்கு உள்ளே என்ன அணிந்திருந்தார்? இருபத்தேழாவது கேள்வி: லின் ஏன் மறுபடி சுரங்கத்துக்குள் இறங்கினார்? ஏ, கருவிகளை மறந்து வைத்துவிட்டார். பி, மேலதிகாரி இறங்கச் சொன்னார். சி, உடன் வேலை செய்பவர்களைக் காப்பாற்ற விரும்பினார். டி, வழி தவறிவிட்டார்.

தேர்வு அறையில் அன்று நான்தான் கண்காணிப்பு. குவாங் யென் தாளைத் திருப்பியதைப் பார்த்தேன். வழக்கமாக அவள் பென்சில் நிற்காது. அன்று நின்றது. சட்டைக் கையை இழுத்து உள்ளங்கையை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தாள். பிறகு குறித்தாள். மணி அடிக்கும்வரை தலையை மேசையில் கவிழ்த்திருந்தாள். தலைவலி போல என்று நினைத்துக்கொண்டேன்.

விடைகள் இயந்திரத்தில் திருத்தப்பட்டு வந்தன. பத்திப் பகுதியில் அவளுக்கு ஒன்று மட்டும் தவறு. இருபத்தேழு. பி குறித்திருந்தாள்.

ரூமெய் அவளை எங்கள் அறைக்குக் கூப்பிட்டாள். அவள் மனத்தில் என்ன இருந்ததோ தெரியாது; அந்தப் பெண்ணிடம் ஆறுதலாக ஏதாவது சொல்லத்தான் கூப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் வாயில் வந்தது பழக்கம்.

"ரெண்டாவது பாராவுல தெளிவா இருக்கே, யென். நீ இதுல எப்படித் தப்பு விட்டே?"

பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். "இறங்கச் சொன்னாங்க டீச்சர்."

"பத்தியில அப்படி இல்லியே?"

"பம்ப்பை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. ஷிப்ட் மேஸ்திரி சொன்னாரு. கீழ இருந்தவங்க அதுக்கு முன்னாடியே வெளிய வந்துட்டாங்க. அப்பா போன் பண்ணினாரு. அம்மா அடுப்படியில இருந்தாங்க. நான்தான் எடுத்தேன்."

அறையில் நானும் இருந்தேன், இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். எல்லாருடைய பேனாவும் நின்றது. 

"விடை பத்தியில..." என்று ரூமெய் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். ஆனால் மீதியை அந்தப் பெண் வருடக்கணக்காகக் கூட்டத்தோடு கத்தியவள்தானே. அவளே முடித்தாள்.

"பத்தியிலதான் இருக்கும். தெரியும் டீச்சர்."

போய்விட்டாள்.

அதன்பிறகு அவள் பத்திப் பகுதியை எழுதவில்லை. இலக்கணம் எழுதுவாள், கட்டுரை எழுதுவாள், கேட்டு எழுதுவதை எழுதுவாள். பத்தி வந்தால் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பாள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கில மதிப்பெண்ணில் பெரும் பங்கு அந்தப் பகுதிதான். ஓயாங் கத்தினார், தட்டிக்கொடுத்தார், மறுபடி கத்தினார். வேலைக்கு ஆகவில்லை.

ரூமெய் சுரங்கக் குடியிருப்புக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். லியாவ் சமையல்கூடத்திலிருந்து வந்து, ஈரக் கையோடு கதவைத் திறந்தாள். எங்களுக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, முதல் வேலையாக ஜன்னலைச் சாத்தினாள்.

"அவ என்ன சொன்னா உங்ககிட்ட?"

"போன் வந்ததைச் சொன்னா" என்றாள் ரூமெய்.

"எந்த போனும் வரல."

"அக்கா, நாங்க யார்கிட்டயும்..."

"வரலேன்னு சொல்றேன்ல! நான் கையெழுத்துப் போட்டாச்சு. அவரு தானாப் போனாரு. நல்ல மனுஷன், தானாப் போனாரு. இந்த வீடு இருக்கு, எனக்கு வேலை இருக்கு, அவ படிக்கிறா. இதுக்கு மேல போன்ல என்ன வரணும்?"

அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். "டீச்சர், அவளை எப்படியாச்சும் எழுத வெச்சிருங்க. திட்டுங்க, அடிங்க. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

திரும்பும் வழியில் ரூமெய், பேருந்து நிறுத்தத்தில் வந்து நின்ற பிறகு, "நான் எழுதினதுல ஒரு இலக்கணப் பிழைகூட இல்ல, ஃபான்" என்று என்னிடம் சொன்னாள்.

வசந்தம் வந்தது. கல்வி அலுவலகத்துக்கு அந்தப் பத்தி மிகவும் பிடித்துவிட்டது. நுழைவுத் தேர்வுக்கு முந்தைய பயிற்சித் தொகுப்பில் அதைச் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்தது. வட்டத்தின் மூன்று பள்ளிகளிலும் கடைசி ஆண்டில் இருக்கும் அத்தனை பேர் கைக்கும் அது போகும். அச்சுப் பிழை பார்க்கும் வேலை ரூமெய்க்கு. ஓயாங் தலைப்பைப் பார்த்தார், பக்க எண்களைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எங்கள் கல்வி அலுவலகத்திலும் யாரும் உள்ளே படித்ததாகத் தெரியவில்லை.

தொகுப்பு வந்து சேர்ந்த நாளில் என் வகுப்பில் அதைப் பிரித்தேன். பழைய பத்திதானே என்று, ஒரு மாணவியை எழுப்பிச் சத்தமாகப் படிக்கச் சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் இரண்டாவது பாராவில் என் கை நின்றது.

தண்ணீர் ஏறத் தொடங்கியபோது எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். மேஸ்திரி, பம்ப்பை எடுத்து வரும்படி லின்னிடம் சொன்னார். லின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய மகள் எடுத்தாள். எனக்கு வர நேரமாகும் என்று அம்மாவிடம் சொல் என்றார். பிறகு இறங்கினார்.

படித்த பெண் உட்கார்ந்தாள். அந்த வகுப்பில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்தார்.

"டீச்சர், இது வடக்குல நடந்ததா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்படித்தான் போட்டிருக்கு" என்றேன்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், மெல்ல: "எங்கப்பாவும் பம்ப்புன்னுதான் சொன்னாரு."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை. இருபத்தேழாவது கேள்விக்குப் பென்சில்கள் ஒரே சமயத்தில் அசைந்தன. எல்லாரும் பி.

நான் எங்கள் அறைக்கு ஓடினேன். ரூமெய் வெந்நீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், என்னை எதிர்பார்த்தவள் மாதிரி.

"அக்கா, என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"பத்தியில இருக்கறதுதானே விடை? இப்போ பத்தியில இருக்கு."

"பெங் அண்ணன்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அந்தப் பொண்ணுகிட்ட? அவங்க அம்மாகிட்ட?"

ரூமெய் குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். அவளுக்கு அது தோன்றவே இல்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. அந்தப் பெண் மறுபடி பென்சிலைத் தூக்க வேண்டும், தாளில் தான் அறிந்ததைக் குறிக்க வேண்டும், அது சரி என்று வர வேண்டும். அதற்கு அப்பால் அவள் பார்க்கவில்லை.

குவாங் யென் அன்று பத்தியைச் செய்தாளா என்று கேட்டேன். செய்யவில்லையாம். பிரித்துப் படித்திருக்கிறாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போயிருக்கிறாள்.

சுரங்க மேலாளரின் அண்ணன் மகன் இரண்டாம் மேல்நிலைப் பள்ளியில் படித்தான். அவன் மூலமாகத்தான் விஷயம் மேலாளர் வீட்டுக்குப் போனது என்றார்கள். மறுநாள் ஓயாங் கீழே விழாத குறையாக மாடிப்படியில் ஏறி வந்தார். வகுப்பு வகுப்பாகப் போய்த் தொகுப்புகளைத் திரும்ப வாங்கினார்கள். முற்றத்தில் கட்டுக்கட்டாக அடுக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

பிற்பகலில் ஆங்கில ஆசிரியர்கள் அனைவரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். துணை முதல்வர், ஓயாங், கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர், சுரங்கத்திலிருந்து ஒருவர். மேசை நடுவில் தொகுப்பின் ஒரு பிரதி. அதைச் சுற்றி உட்கார்ந்திருந்த நால்வரில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

"இதுல என்னதான் எழுதியிருக்கு?" என்றார் துணை முதல்வர். "யாராச்சும் நம்ம மொழியில சொல்லுங்க."

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். ரூமெய் எழுந்தாள்.

"நான் சொல்றேன் சார். நான்தானே எழுதினேன்."

தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வரி வரியாகச் சீனத்தில் சொல்லத் தொடங்கினாள். வகுப்பில் சொல்வது போலவே நிதானமாக, ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி. ஆனால் வடக்கு என்று சொல்லவில்லை. நிலக்கரி என்று சொல்லவில்லை. லின் என்ற பெயர் வந்த இடத்தில் குவாங் என்றாள். அந்த விஷயம் எங்கள் ஊரில், எங்கள் பேச்சில், அதிகாரிகள் முன்னால் வாய்விட்டுச் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் பலருக்குத் தெரிந்திருந்தும் பொதுவில் யாரும் சொல்லிக் கேட்டிராத ஒன்று.

"போதும்" என்றார் சுரங்கத்துக்காரர்.

"இன்னும் ரெண்டு வரி இருக்கு."

"போதும்னு சொல்றேன்ல!"

"ரெண்டே வரி சார்" என்று சொல்லி, அந்த இரண்டையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். ஓயாங் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே தொகுப்புகளை ஏற்றிய வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. ரூமெய்யை மலைமேல் இருக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்கு மாற்றினார்கள். பெங்குக்குச் சுரங்கத்தில் லாரி இல்லை என்றார்கள். அவர் எங்கள் அறைவரை வந்துவிட்டார்.

"ஏம்மா, உனக்குத் திமிங்கலம் போதலியா?" என்று கேட்டார். எப்போதும் கேலி பேசுகிறவர். அதையும் கேலி போலத்தான் சொன்னார். "வருஷம் பூரா அந்தத் தூசியை முழுங்கினேன். ஒரு வார்த்தை, அதை எழுதறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

அந்தக் கோடையிலேயே அவர் கடற்கரைப் பக்கம் ஒரு துறைமுகத்துக்கு வேலைக்குப் போனார். புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருவார். இரண்டு ஆண்டுகள் வந்தார். பிறகு வரவில்லை.

லியாவின் சமையல்கூட வேலையும் போயிற்று, வீடும் போயிற்று. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே பேசியது அவள்தான் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பேசியது அவள் இல்லை என்று ரூமெய் எழுதிக் கொடுத்தாள். நேரில் போய் நின்றாள். வாயிற்காவலர் உள்ளே விடவில்லை. லியாவின் தம்பி தெற்கே தோங்குவானில் இருந்தார். நுழைவுத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தபோது தாயும் மகளும் அங்கே கிளம்பினார்கள்.

பேருந்து நிலையத்துக்கு ரூமெய் போனாள். போகாதே என்றேன், கேட்கவில்லை. ஆகவே நானும் போனேன். படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டைகளுக்கு நடுவே லியாவ் உட்கார்ந்திருந்தாள். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"என் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டு, இப்போ வழியனுப்ப வந்திருக்கீங்களா? யாரு கேட்டா உங்களை? நான் கேட்டேனா? அவ கேட்டாளா? அந்த மனுஷன் செத்ததுக்கு ஒரு வீடு மிஞ்சுச்சு. அதையும் இங்கிலீஷ்ல எழுதித் தின்னுட்டீங்களே!"

பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரூமெய் கைகளைத் தொங்கவிட்டு நின்று கேட்டுக்கொண்டாள். "அந்தப் பொண்ணு பரீட்சை எழுதட்டும் அக்கா. என் வீட்டுல தங்கட்டும். நான் மலைக்குப் போயிடுவேன், அவரும் துறைமுகத்துக்குப் போறாரு, பையன் ஹாஸ்டல்ல, வீடு சும்மாதான் இருக்கும்" என்றாள்.

"உங்க வீட்டு நிழல்கூட வேணாம் எங்களுக்கு."

மூட்டைகளை ஏற்றினார்கள். குவாங் யென் அதுவரை எங்கள் பக்கம் பார்க்கவில்லை. படியில் கால் வைத்தவள் நின்றாள். திரும்பி, ரூமெய்யின் முகத்தைப் பார்க்காமல், தோளுக்குப் பின்னால் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஒரு வரி தப்பா எழுதியிருந்தீங்க டீச்சர்."

"எது?"

"வர நேரமாகும்னு சொல்லல. நீங்க சாப்பிட்டுடுங்க, அப்படின்னு மட்டும்தான் சொன்னாரு."

கதவு மூடியது. பேருந்து பின்வாங்கித் திரும்பிச் சாலையில் ஏறியது. ரூமெய் அங்கேயே நின்றாள். கடலை விற்கிற பெண் ஒருத்தி வந்து, "வழியை விடும்மா, அடுத்த வண்டி வருது" என்று அவளைக் கையால் ஒதுக்க வேண்டியிருந்தது.

மலைப் பள்ளியில் அவள் பல ஆண்டுகள் இருந்தாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கும் எழுத்தும் சொல்லிக் கொடுத்தாள். குளிர்காலத்தில் பாதை உறைந்து யாரும் மேலே போக முடியாது. நான் வசந்தத்தில் இரண்டு மூன்று தடவை போனேன். முட்டைக்கோசும் உப்புக்கறியும் சமைத்துப் போடுவாள். எங்கள் பள்ளியைப் பற்றிக் கேட்கமாட்டாள்.

அவளுடைய ஒரே மகன் பட்டம் முடித்து அரசாங்க வேலைக்குத் தேர்வானான். குடும்பத்தை விசாரிக்க ஆள் வந்தது. தாய் பெயரில் ஒரு கறை இருக்கிறது, அவர் நடந்ததைத் திருத்தி எழுதிக் கொடுத்தால் நல்லது என்றார்கள். மகன் மலைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல், இரண்டு நாள் உட்கார்ந்திருந்தானாம். அவள் எழுதிக் கொடுத்தாள். சரிபார்க்காத வதந்தியைப் பாடப்பகுதியில் சேர்த்தது தன் தவறு, லின் தாமாகவே இறங்கினார் என்று. மகனுக்கு வேலை கிடைத்தது. அவளையும் எங்கள் பள்ளிக்குத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள், வகுப்புக்கு அல்ல, நகல் எடுக்கும் அறைக்கு. இயந்திரத்திலிருந்து வரும் தேர்வுத் தாள்களை அடுக்கித் தைத்துக் கட்டுக் கட்டாக வைப்பது வேலை. மாணவர்கள் கட்டை வாங்க வருவார்கள். புதிய பிள்ளைகளுக்கு அவள் யார் என்று தெரியாது. "நகல் அத்தை" என்றார்கள். தாளில் என்ன அச்சாகியிருக்கிறது என்று அவள் கண்ணைத் தாழ்த்திப் பார்த்து நான் கண்டதில்லை.

சென்ற ஆண்டு ஓய்வு பெற்றாள். விழா ஒன்றும் இல்லை. பள்ளி வாசலுக்கு எதிரே இருக்கும் கடையில் நாங்கள் இருவரும் புளித்த மிளகாய் போட்ட அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டோம். பாதியில் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"தோங்குவானுக்குப் போனேன், ஃபான். மலையில இருந்தப்போ, ஒரு குளிர்கால லீவுல."

"என்கிட்ட சொல்லவே இல்லியே!"

"சொல்ல என்ன இருக்கு? அவங்க அம்மா ஒரு பாக்டரி சமையல்கூடத்துல இருந்தா. மின்சாமான் செய்யற இடம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சிருச்சு. திட்டுவான்னு பார்த்தேன். திட்டல. உட்காருங்கன்னா. ஒரு கிண்ணம் சூப் கொண்டுவந்து வெச்சா."

"பொண்ணு?"

"அதே பாக்டரியில லைன்ல நிக்கறா. ஷிப்ட் முடியற வரைக்கும் இருக்கட்டுமான்னு கேட்டேன். வேணாம்னா. இனிமே வராதீங்க டீச்சர், உங்களைப் பார்த்தா அவளுக்கு அப்புறம் ஒரு வாரம் சாப்பாடு இறங்காதுன்னா. நல்லபடியாத்தான் சொன்னா."

"நீ என்ன சொன்னே?"

"சரின்னேன். வேற என்ன சொல்றது?"

கடைக்காரர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். வெளியே பிள்ளைகள் மதிய இடைவேளைக்கு வந்து நெருக்கியடித்து நின்றார்கள். ரூமெய் மறுபடி குச்சிகளை எடுத்தாள்.

"அந்த சூப்புல உப்பு ஜாஸ்தி" என்றாள். "அவ நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா. முழுசாக் குடிச்சுட்டுத்தான் எழுந்தேன்."